யானையின் பல்லும் இராட்சதன் எலும்பும்

(இராயபுரத்தில் தொழிலாளத் தோழர்களிடையே பேசியது)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் யானைப் பல். தந்தமல்ல, கடைவாய்ப் பல். கோயில் வாசலில் யானைக்குக் காசு கொடுத்து, அது தும்பிக்கையால் தலையைத் தொட்டால் புண்ணியம் என்று நிற்கிறவர்களில் அதன் வாயை எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பார்த்திருந்தால் அம்மிக்கல் போன்ற பல்லைக் கண்டிருப்பார்கள். நம் வீட்டு அம்மி தேய்ந்தால் கொத்துகிறவனைக் கூப்பிடுகிறோம். யானைக்கு அந்தச் செலவில்லை. அதன் பல்லில் கடினமான தகடும் மெதுவான பொருளும் அடுத்தடுத்து இருப்பதால், மெதுவானது முன்னே தேய, கடினமானது வரம்பு வரம்பாக நிற்கிறது. ஒரு பல் தேய்ந்து உதிரும்போது, பின்னாலிருந்து அடுத்த பல், எண்ணூர்த் துறைமுகத்தில் பெல்ட்டின்மேல் நிலக்கரி வருவதுபோல, முன்னே நகர்ந்து வரும். ஆயுளில் இப்படி 6 வரிசை. ஆறாவதும் தேய்ந்துபோனால், சுமார் 60 வயதுக்கு மேல், யானை மெல்ல முடியாமல் பட்டினியால் சாகும். எந்த ஆசீர்வாதமும் அதற்கு ஏழாவது பல்லைக் கொடுத்ததில்லை.

இப்படிப்பட்ட யானைகளின் எலும்பு கல்லாகிக் கிடந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? 14-ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் வடக்கே கால்வாய் வெட்டியபோது பெரிய பெரிய எலும்புகள் கிடைத்தன. சில யானையுடையவை, சில மனிதருடையவை என்று பெரிஷ்தா என்ற சரித்திரக்காரர் எழுதிவைத்தார். மனிதன் முன்கை 3 கஜ நீளமாம்! 1830-களில் அந்தப் பக்கத்துச் சிவாலிக் மலையில் டாக்டர் பால்கனரும், கால்வாய் அதிகாரி காட்லியும் தோண்டி, எலும்பையும் பல்லையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். இராட்சதன் ஓடிப்போனான், மாண்டுபோன யானை இனங்களும், நீர்யானையும், ஒட்டகமும் வந்து நின்றன.

அவற்றில் ஒன்று ஸ்டெகோடன். கூரைப்பல் என்று பொருள். தாழ்ந்த வரம்புகளையுடைய அப்பல் பெரும்பாலும் இலை தழைகளை மெல்ல ஏற்றது. சைபீரியாவின் மாமூத்துக்கோ கடைசிப் பல்லில் நெருக்கமாக 20-க்கு மேல் தகடுகள். அது புல்லை அரைத்த பல். ஆகவே பல்லைக் கொண்டே அது காட்டில் மேய்ந்ததா, புல்வெளியில் மேய்ந்ததா என்று யூகிக்கலாம்.

10 அடித் தந்தமுடைய ஒரு ஸ்டெகோடனுக்கு அவர்கள் வைத்த பெயர் கணேசா. பக்தர்கள் உடனே சந்தோஷப்பட வேண்டாம். நாய்க்கு ராஜா என்று பெயரிட்டால் அது பட்டத்துக்கு வந்துவிடுமா?

வடக்கத்திச் சங்கதி நமக்கெதற்கு என்பீர்கள். நமது எண்ணூரில் கடலில் விழும் கொசஸ்தலையாற்றின் மேற்பக்கத்தில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. அங்கே 1863-இல் புரூஸ் பூட்டும் கிங்கும் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார்கள். அங்குள்ள கற்கோடரிகளின் வயது சுமார் 15 இலட்சம் வருஷம் என்று 2011-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அவற்றோடு கிடைத்தவை விலங்குகளின் பற்கள் சிலவும் குளம்படித் தடங்களும். அக்காலத்தில் வடக்கே ஸ்டெகோடன் உயிரோடு மேய்ந்துகொண்டிருந்தது.

பள்ளம் தோண்டும் தோழர்களே! கல்லான பல்லோ எலும்போ அகப்பட்டால் குங்குமம் வைத்து உண்டியல் வைக்க இடங்கொடாதீர்கள். கிடைத்த ஆழத்தையும் மண்ணின் நிறத்தையும் குறித்துக்கொண்டு எழும்பூர் மியூசியத்துக்குச் சொல்லியனுப்புங்கள்.