சுரங்கத்தை மூடினால் கடமை முடிந்ததா?

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1880 முதல் 120 ஆண்டுகள் கோலார் தங்கவயல் நாட்டுக்குப் பொன் கொடுத்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த நம் முன்னோர், சாம்பியன் ரீஃபில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி அதை வெட்டினார்கள். 2001 பிப்ரவரி 28-இல் மத்திய அரசு நிறுவனம் சுரங்கத்தை மூடியது. பொன் போயிற்று, சயனைடு மேடும் சிலிகோசிஸ் நோயும் நமக்கு மிஞ்சின. இன்று நம் பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பிழைப்புக்காகப் பெங்களூர் போய் வருகிறார்கள்.

பிரிட்டனைப் பாருங்கள். 1984-85 வேலைநிறுத்தம் தோற்றபின் அங்கே நிலக்கரிச் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. போராடியவர்களின் குரல் ஓயவில்லை. 1999-இல் அந்த வட்டாரங்களுக்கென்றே அரசு நிதியுதவியோடு ஓர் அறக்கட்டளை அமைந்தது. வேலைப் பயிற்சிக்கும் ஊர்ப் பொதுப்பணிக்கும் அது உதவியது. வறுமை அங்கும் ஒழிந்துவிடவில்லை. ஆயினும், மூடிய ஊருக்கு அரசு பொறுப்பு என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது.

நமக்கு அப்படி ஓர் அமைப்பு எங்கே? 2024-இல் நம் 13 கழிவு மேடுகளில் மீண்டும் பொன்னெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. பொன் எடுக்கட்டும்! ஆனால் முதல் வேலை நம் பிள்ளைகளுக்கு வேண்டும். தூசியிலிருந்து காப்பு வேண்டும். வீட்டுரிமை கிடைக்காத குடும்பங்களுக்கு அது கிடைக்க வேண்டும். வருமானத்தில் ஒரு பங்கு ஊரின் மறுவாழ்வுக்கு ஒதுக்கப்பட வேண்டும்.

இது பிச்சையல்ல, தோழர்களே, பாக்கி! பாக்கியைக் கேட்க ஒன்றுபடுவோம்!