உப்புக் கரிக்கும் பிள்ளையும் சர்க்கரைச் சோதனையும்



சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு முதலிய ஊர்களிலிருந்தும் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வேலையை விட்டு வந்திருக்கும் உங்களிடம் இன்று நாம் பேச வந்தது சர்க்கரை வியாதியைப் பற்றியாகும். தொந்தி விழுந்தவருக்கும் வயதானவருக்குமே சர்க்கரை வரும் என்பது நம் ஜனங்களின் எண்ணம். எலும்பும் தோலுமாய், ஓயாமல் இருமிக்கொண்டிருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் அது வரும் என்றால் நம்புவீர்களா? வருகின்றது. எப்படி என்பதைச் சொல்லுகிறோம்.

சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்று ஒரு வியாதி உண்டு. பிறவியிலேயே வருவது. உடம்பில் ஊறும் நீரெல்லாம் பசைபோல் கெட்டியாகிவிடும். நெஞ்சில் சளி கட்டும். தின்றது செரிக்காமல் எண்ணெய்ப் பசையாய் வெளியேறும். வியர்வை உப்புக் கரிக்கும். முத்தமிட்டால் நெற்றி உப்புக் கரிக்கும் பிள்ளையைச் சூனியம் பிடித்தது என்று ஐரோப்பாவிலே ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூடநம்பிக்கை நமக்கு மாத்திரம் சொந்தமல்ல, தோழர்களே!

1938-ல் நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் என்ற பெண் டாக்டர், இறந்த குழந்தைகளின் கணையத்தை ஆராய்ந்து, இது ஒரு தனி வியாதி என்று எழுதினார். 1948-ல் அந்நகரில் கடும் வெயில் அடித்தபோது, சுருண்டு விழுந்த குழந்தைகளில் பலர் இந்நோய்க்காரராய் இருந்தனர். 1953-ல் டி சான்ட் ஆக்னீஸ் முதலிய டாக்டர்கள், வியர்வையில் உப்பு மிகுதி என்று காட்டினார்கள். 1989-ல் காரணமான மரபணுவே பிடிபட்டது. சூனியம் எங்கே போயிற்று?

இது வெள்ளைக்காரர் வியாதி என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். அதனால் நம் நாட்டில் இதைக் காசம் என்றும், ஆஸ்துமா என்றும், சத்துக்குறைவு என்றும் எண்ணி ஏமாந்ததுண்டு. அபூர்வமானதே, ஆனால் இல்லாததல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இப்பிள்ளைகளுக்கு வைத்தியம் செய்து வருகிறார்கள்.

தாய் தகப்பன் இருவரிடமும் அந்தக் கெட்ட மரபணு ஒவ்வொன்று மறைந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு இது வர இடமுண்டு. அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் நம் பக்கத்து வழக்கத்தில் அந்த இடம் இன்னும் கூடுகின்றது. பாதி தகப்பனிடமிருந்து வந்திருக்க, மருமகளை மாத்திரம் "ராசியில்லாதவள்" என்பது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

நிற்க, சர்க்கரைக்கு வருவோம். கெட்டியான நீர் கணையத்தின் குழாய்களை அடைத்து, நாளடைவில் கணையத்தையே தழும்பாக்குகின்றது. இன்சுலின் ஊறுவது குறைகின்றது. இன்சுலின் குறைந்தால் உடம்பில் சதை பிடிக்காது, நுரையீரலும் தளரும். இந்நோயுள்ள வாலிபரில் சுமார் ஐந்தில் ஒருவருக்கும், பெரியவரில் ஐந்தில் இருவருக்கோ அதற்கு மேலோ இச்சர்க்கரை வருகின்றது. இதிலுள்ள மோசம் என்னவென்றால், பெரும்பாலும் தாகமும் அடிக்கடி சிறுநீரும் காட்டாமல் திருடன்போல் வருவதுதான். எடை குறைவதைச் "சளியினால்" என்று நாம் இருந்துவிடுகிறோம்.

ஆகையால் அடையாளத்துக்குக் காத்திராமல், பத்து வயது முதல் வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தார் 2010-ல் முறை வகுத்தார்கள். சோதனை எளிது. பிள்ளை காய்ச்சலின்றி நன்றாயிருக்கும் சமயத்தில், இரவு முழுதும் வெறும் வயிறாயிருந்து, காலையில் ரத்தம் கொடுத்து, எடைக்கேற்ற அளவு, 75 கிராமுக்கு மேற்படாமல், குளுகோஸ் கரைத்துக் குடித்து, இரண்டு மணி கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். அப்போது 140-க்குக் கீழே நல்லது; 140 முதல் 199 வரை எச்சரிக்கை; 200-ம் அதற்கு மேலும் சர்க்கரை. சந்தேகமிருந்தால் இன்னொரு நாள் பார்ப்பார்கள். வெறும் வயிற்றுச் சோதனை மாத்திரமும், மூன்று மாதச் சராசரிச் சோதனை மாத்திரமும் இப்பிள்ளைகளிடம் "ஒன்றுமில்லை" என்று ஏமாற்றிவிடும்.

சர்க்கரை என்று தெரிந்ததும் நம் வீட்டுப் பெரியவர்கள் செய்யும் முதல் காரியம் சோற்றைக் குறைப்பது. இங்கே அது பிள்ளையைக் கொல்வதற்குச் சமானமாகும். இவர்களுக்கு ஆகாரம் மற்றவரைவிட அதிகம் வேண்டும். நாமக்கல் முட்டையும், நிலக்கடலையும், எண்ணெயும், பாலும் கொடுங்கள். செரிக்க டாக்டர் தரும் மாத்திரையும் கொடுங்கள். சித்திரை வெயிலில் உப்பும் கூடுதலாய் வேண்டும். ஆகாரத்தைக் குறைக்காமல், டாக்டர் சொல்லும் இன்சுலினை ஊசியாய்ப் போடுவதே வைத்தியம். இன்சுலின் வந்தால் மெலிந்த உடம்பு தேறும்.

தோழர்களே! வருஷா வருஷம் குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி என்று பிள்ளையின் ஜாதகத்தைத் தவறாமல் காட்டுகிறோம். இந்நோயுள்ள பிள்ளையின் ரத்தத்தை வருஷத்துக்கு ஒரு காலைப்பொழுது டாக்டரிடம் காட்டக் கூடாதா? யோசித்துப் பாருங்கள் என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.