மரக்கறிக்கு ஏற்ற பெட்டி



மருதனார்மடச் சந்தையிலிருந்து கொழும்புக்கு லொறியேறும் தக்காளி ஏறத்தாழ 400 கிலோமீற்றர் செல்லவேண்டும். சாக்கில் அடைத்தால் மேல்மூட்டையின் பாரம் அடிக்காய்களை நசுக்கும். காற்றின்றி வெப்பமேறி அவை அழுகும். பட்ட பாட்டுக்கு விலை கிடையாது.

ஆதலால் பிளாஸ்ரிக் பெட்டிகளை வாங்குங்கள். வாங்குமுன் மூன்றைக் கவனியுங்கள்: பக்கங்களிலும் அடியிலும் காற்றுத்துளைகள் வேண்டும், உட்புறம் வழவழப்பாயிருக்க வேண்டும், ஒன்றன்மேலொன்று அசையாது பொருந்தி, பாரத்தைப் பெட்டியே தாங்க வேண்டும். விலை அதிகமெனத் தயங்குவோர் கமக்காரர் அமைப்பின்மூலம் ஒரே அளவினவாகச் சேர்ந்து வாங்கலாம். அவை பல பயணங்களுக்கு உதவும்.

விளிம்புக்கு இருவிரல் கீழே நிரப்புங்கள். லொறியில் நெருக்கமாக அடுக்கிக் கயிற்றால் இறுக்குங்கள். நன்கு உலர்ந்த வெங்காயத்துக்கு வலைப்பை போதும். பழைய உரப்பை எதற்கும் ஆகாது.