யோசனை கேட்கும் முறை

இன்று பட்டம் பெறும் மாணவர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு எழுதுவதைக் குற்றமாகக் கருதும் தேர்வுக்கூடங்களில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பழகியவர்கள். ஆகவே, பிறரிடம் யோசனை கேட்பது திறமைக் குறைவு என்ற எண்ணம் அவர்களிடம் படிந்திருந்தால் வியப்பில்லை. பணியிடமோ கேட்பவர்களை நம்பியே நடக்கிறது; கேட்கும் முறை மட்டும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. தமிழில், கேளாமலே மேலிருந்து வருவது பெரும்பாலும் அறிவுரை. கேட்டுப் பெறுவது ஆலோசனை.

ஜப்பானிய நிறுவனங்களில் ஆலோசனை, கூட்டத்துக்கு முன்பே நடந்து முடிகிறது. அதற்கு அவர்கள் வைத்துள்ள பெயர் 'நெமவாஷி'. வேரைச் சுற்றி வருதல் என்பது அதன் நேர்ப்பொருள். வளர்ந்த மரத்தை இடம் மாற்ற விரும்பும் தோட்டக்காரர், பல மாதங்களுக்கு முன்பே அடிமரத்தைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, தடித்த பக்கவேர்களை வெட்டி, மீண்டும் மண்ணிட்டு மூடிவிடுகிறார். வெட்டிய இடத்தில் சல்லிவேர்கள் துளிர்த்து மண்ணைப் பற்றிக்கொண்ட பிறகு பெயர்த்தெடுக்கும் மரமே புதிய இடத்தில் பிழைக்கிறது. அலுவலகத்திலும் ஒரு திட்டத்தை முன்வைப்பவர், தொடர்புடைய ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தித்து, அவரவர் தயக்கங்களைக் கேட்டுத் திட்டத்தைத் திருத்திய பிறகே கூட்டத்துக்கு வருகிறார். ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஜப்பானிய ஆலை ஒன்றில் சேரும் இளம் பொறியாளர், யாரிடமும் முன்னதாகப் பேசாமல் புதிய யோசனை ஒன்றைக் கூட்டத்தில் எடுத்து வைத்தால், அங்கே நிலவும் மௌனத்தை நிராகரிப்பு என்று எண்ணி மனம் உடையக்கூடும். உண்மையில் அங்கே தோண்டப்படாமல் இருப்பது வேர்தான்.

மேற்கு ஆப்பிரிக்காவில், கானா நாட்டின் ஆகான் மக்களிடம் ஆலோசனைக்கே ஒரு பதவி உண்டு. 'ஒஹெமா' எனப்படும் அரசியன்னை, தலைவர் பதவிக்குரியவரை முன்மொழிவதோடு, அவர் தவறும்போது அவையிலேயே கண்டிக்கும் உரிமையும் பெற்றவர். இடித்துரைக்கும் பெரியோரை மன்னன் தானே நாடித் துணையாக்கிக்கொள்ள வேண்டும் என்று திருக்குறளின் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரம் சொல்கிறது. ஆகான் மரபோ அதை மன்னனின் விருப்பத்துக்கு விடாமல் அவையிலேயே அமர்த்திவிட்டது. பதவியில் இருப்பவரின் நல்லெண்ணத்தை நம்பியிராத இந்த ஏற்பாடு பெரிதும் போற்றத்தக்கது.

அதே மக்களிடம், வழக்கொன்றைத் தீர்க்கும் முன் பெரியவர்கள் அவையை விட்டு ஒதுங்கிக் கலந்து பேசும் வழக்கமும் உண்டு. 'அபெரேவா', அதாவது மூதாட்டியிடம், கேட்டுவரப் போகிறோம் என்று சொல்லிவிட்டே அவர்கள் எழுகிறார்கள். அங்கே மூதாட்டி எவரும் காத்திருக்க வேண்டியதில்லை. திரும்பி வந்து அவர்கள் சொல்லும் தீர்ப்பு, தனி ஒருவருடைய கருத்தாக இல்லாமல், அந்த மூதாட்டியின் சொல்லாகவே அவையில் ஒலிக்கிறது.