வேலை கொடுப்பவருக்கு என்ன அவசரம்?

தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலையாம். வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிடம் பேசினார்கள், உடனே வேலை ஆர்டர் வந்துவிட்டது. "இன்று ராத்திரிக்குள் சரி சொல்லுங்கள்" என்கிறார்கள். மாடு வாங்கப் போனாலே பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். உங்களைப் பற்றி ஒன்றுமே கேட்காமல் ஒருவர் கைநிறையச் சம்பளம் தருகிறார் என்றால்? அந்த அவசரம்தான் முதல் அறிகுறி.

அடுத்து, விசாவைப் பாருங்கள். சுற்றுலா விசாவா? கிளம்பாதீர்கள். "அங்கே போனதும் மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள், நம்பாதீர்கள். அப்படிப் போன நம் பிள்ளைகள் பலர், தாய்லாந்தை ஒட்டிய மியான்மர் எல்லையில் ஆன்லைன் மோசடிக் கூடங்களில் அடைபட்டார்கள். 2022-இல் அவர்களில் சிலர் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள்.

கடைசியாக, உங்களை அனுப்பும் ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்தவரா என்று இ-மைகிரேட் இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேட்டாலே சிலர் போனை வைத்துவிடுவார்கள். வைக்கட்டும், விடுங்கள்.