இங்கே, உங்கே, அங்கே
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



அந்நிய மொழியொன்றைக் கற்பவன் முதலில் வணக்கஞ் சொல்லவும், உணவு கேட்கவும், வழி விசாரிக்கவும் பழகுகிறான். முன்னிரண்டிலே பிழை நேர்ந்தாற் கேட்பவர் சிரித்துவிட்டுப் போவார். வழி சொல்வதிற் பிழை நேர்ந்தாலோ ஒருவர் வேறூர் போய்ச் சேருவார். ஏறக்குறைய 20 நாடுகளில் அரசகரும மொழியாக விளங்குவது ஸ்பானிய மொழி. அம்மொழியிலே திக்கையும் இடத்தையுங் குறிக்குஞ் சொற்களைத் திருத்தமாக வழங்குவது எப்படி என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

ஸ்பானிய மொழியில் வலப்பக்கம் என்பது ‘தெரேச்சா’. நேரே என்பதற்கு லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் வழங்குஞ் சொல் ‘தெரேச்சோ’. ஈற்றிலுள்ள உயிரொன்றே வேறுபாடு. ‘ஆ லா தெரேச்சா’ என்றால் வலப்பக்கமாக; ‘சீகா தெரேச்சோ’ என்றால் நேரே செல்க. நாற்சந்தியிலே திகைத்து நிற்பவனுக்கு இந்த ஓருயிர் எவ்வளவு பெரிது! ஸ்பெயின் தேசத்தாரோ நேரே என்பதற்குத் ‘தோதோ ரெக்தோ’ என்பர், அங்கே மயக்கமில்லை.

இதை நினைவில் வைக்க ஓர் உபாயமுண்டு. கையைக் குறிக்கும் ‘மானோ’ என்ற சொல் ஓகாரத்தில் முடிந்தாலும் பெண்பாற் சொல்லேயாம். ஆகவே வலக்கை ‘மானோ தெரேச்சா’. கையை நினைத்துக்கொண்டால் ஆகார ஈறு தானே வரும்.

இடப்பக்கம் ‘இஸ்கியெர்தா’. இது லத்தீன் வழி வந்ததன்று. பாஸ்க் மொழியோடு உறவுடையது. இடத்தைக் குறித்த லத்தீன் வழிச்சொல்லாகிய ‘சினியெஸ்த்ரோ’ தீமை, அமங்கலம் என்ற பொருள்களை ஏற்றுக்கொண்டது. அன்றாட வழக்கிலே அதன் இடத்தை இஸ்கியெர்தா பிடித்துக்கொண்டது. இடக்கையை இழிவாக எண்ணும் வழக்கம் நம்மிடமும் உண்டு. ஆயினும் இறைவன் அம்மைக்கு அளித்தது தன் இடப்பாகத்தையே என்பதைச் சைவர் மறவார்.

இனி, நமக்கு மிக அணுக்கமான செய்திக்கு வருகிறேன். ஸ்பானிய மொழியில் ‘அக்கீ’ என்றாற் பேசுபவன் அருகில். ‘அஈ’ என்றாற் பொதுவாகக் கேட்பவன் அருகில். ‘அயீ’ என்றால் இருவருக்கும் அப்பால். ஆங்கிலத்தின் வழியாக இதனைக் கற்போர் இடர்ப்படுவர். அம்மொழியின் இன்றைய வழக்கில் இவ்விடம், அவ்விடம் என இரண்டே உண்டு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கோ இது தாய்ப்பாலோடு வந்த அறிவு. இங்கை, உங்கை, அங்கை என்று நாம் சொல்லவில்லையா? ஆண்பாற் பெயர்களின் முன்னே வரும் ‘எஸ்தே, எஸே, அக்கேல்’ என்பன நமது ‘இந்த, உந்த, அந்த’ என்பவற்றுக்கு நேரானவை.

அ, இ, உ மூன்றுஞ் சுட்டு என்றார் தொல்காப்பியர். அவற்றுள் உகரச் சுட்டு தமிழகத்துப் பேச்சில் அருகி மறைந்துவிட்டது. நம் வீடுகளில் அது இன்றும் உயிரோடிருக்கிறது. ‘உது’ என்று சொல்லுவதை நாட்டுப்புறப் பேச்சென்று நாணி விட்டுவிடும் இளைஞர் சிலர் உளர். வாலிபர்களே, நாணவேண்டியதில்லை. அச்சொல்லைக் கைவிடுபவன் ஒரு சொல்லை மட்டுமா இழக்கிறான்? கேட்பவன் நிற்குமிடத்தைத் தனியே காணும் பார்வையையும் அல்லவா இழக்கிறான்!

ஆனால் எல்லா இடத்திலுந் தாய்மொழி கைகொடுக்கும் என்றிருத்தலும் ஆகாது. தாய் கூப்பிட்டால் நம் பிள்ளை ‘வாறன் அம்மா’ என்கிறான். ஸ்பானியப் பிள்ளையோ ‘போகிறேன்’ என்னும் பொருளுடைய சொல்லையே சொல்வான். அச்சொல்லும் நம் செவிக்குப் ‘போய்’ என்றே கேட்கும், மறக்க இயலாது! வருதலுந் தருதலுந் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன, செல்லுதலுங் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. ஸ்பானிய மொழியிலோ வருதல் பெரும்பாலும் பேசுபவன் இருக்குமிடத்தை நோக்கியதே. ஆகவே நண்பன் வீட்டுக்கு நாளை ‘வருகிறேன்’ என நாம் சொல்லுமிடத்தில், அம்மொழியில் ‘போகிறேன்’ என்றே சொல்லவேண்டும். தமிழை அப்படியே பெயர்த்துச் சொன்னால் மயக்கம் உண்டாகும்.

ஆகவே சொற்பட்டியலை மனனஞ் செய்தல் போதாது. யார் எங்கே நிற்கிறார் என்பதை முதலில் எண்ணிப் பார்க்கவேண்டும். எதிரே நிற்பவனுக்கு என் வலம் அவன் இடம். வழி சொல்பவன் தன் கையைப் பார்த்தே சொன்னால் கேட்பவன் தவறிப்போவான். பெரியோர் இளைஞருக்கு வாழ்க்கையில் வழிகாட்டும்போதும், இளைஞர் பெரியோரிடம் வழி கேட்கும்போதும் இதுவே விதி. எதிரிலிருப்பவன் நிற்குமிடத்தை ‘உங்கே’ எனக் கண்டு பேசக் கற்போமாக. பிறமொழி எதனைக் கற்றாலும் அந்த உகரத்தை நம் நாவிலிருந்து நழுவவிடாதிருப்போமாக.