‘சக்ஸ்’னா ஆறு: பழகாத ஆங்கிலத்தைக் காது எப்படிப் பிடிக்குது?

இன்னைக்குப் பேசப்போறது ஆபீஸ் கால்ல நடக்குற ஒரு சின்ன நடிப்பைப் பத்தி. வெளிநாட்டு டீம்ல இருந்து ஒருத்தர் ரெண்டு நிமிஷம் பேசுறார். பாதிதான் புரியுது. ஏற்கெனவே ரெண்டு தடவை ‘சாரி?’ கேட்டாச்சு. மூணாவது தடவை கேக்கக் கூச்சம். அதனால ‘யெஸ், ஷ்யூர்’. கால் முடிஞ்ச அடுத்த நிமிஷம் சாட்ல ஒரு மெசேஜ்: “மச்சி, அவர் என்னடா சொன்னாரு?”

கேக்க காமெடியா இருக்கும். ஆனா இதுல நிஜமாவே ஒரு இழப்பு இருக்கு. புரியாத ஆள் மீட்டிங்ல வாய் திறக்க மாட்டார். வாய் திறக்காத ஆளுக்கு ‘கம்யூனிகேஷன் போதாது’ன்னு அப்ரைசல்ல பேர் வந்துடும். அவருக்கு ஆங்கிலம் நல்லாவே தெரிஞ்சிருக்கும். அந்த உச்சரிப்புதான் காதுக்குப் புதுசு.

நியூசிலாந்தை எடுத்துக்கலாம். ஆக்லாந்துல ஒருத்தர் ‘டென்’னு சொன்னா நமக்கு ‘டின்’னு கேக்கும். ‘சிக்ஸ்’ கிட்டத்தட்ட ‘சக்ஸ்’ ஆயிடும். ‘பேட்ச்’ ‘பெட்ச்’ மாதிரி வரும். தனித்தனியா கேட்டா குழப்பம்தான். சேர்த்து வச்சுப் பாருங்க, ஒரு ஒழுங்கு தெரியும். ‘பேட்’ல இருக்குற உயிரொலி ‘பெட்’ பக்கம் நகருது, ‘பெட்’ ‘பிட்’ பக்கம் நகருது, ‘பிட்’ ‘பட்’ பக்கம் நகருது. மூணு பேரும் ஆளுக்கு ஒரு நாற்காலி தள்ளி உக்காந்துட்டாங்க, அவ்வளவுதான். இது தெரிஞ்சிட்டா பாதி கால் புரிஞ்சிடும்.

இது நமக்குப் பழக்கமில்லாத வேலையும் இல்லை. யாழ்ப்பாணத் தமிழ்ல ‘கதைக்கிறது’ன்னா பேசுறது, ‘பேசுறது’ன்னா திட்டுறது. சென்னைக்காரருக்கு முதல் நாள் தலை சுத்தும். கொஞ்ச நாள் பழகினா தானா சரியாயிடும். நடுவுல யாராவது ‘எனக்குத் தமிழ் வராது போல’ன்னு முடிவு கட்டுறாங்களா? ஆங்கிலம்னா மட்டும் அந்த முடிவுக்கு உடனே போயிடுறாங்க.

காது எவ்வளவு சீக்கிரம் பழகும்? 2004-ல கிளார்க், காரெட்னு ரெண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதிச்சாங்க. ஆங்கிலத்தைத் தாய்மொழியா கொண்டவங்களை, ஸ்பானிஷ், சீன உச்சரிப்புல பேசுன ஆங்கிலத்தைக் கேக்க வச்சாங்க. ஆரம்பத்துல அவங்களும் தடுமாறினாங்க. ஆனா ஒரு நிமிஷத்துக்குள்ளயே அந்தத் தடுமாற்றம் குறைஞ்சுது. அதனால கால் ஆரம்பத்துல ‘வீக்கெண்ட் எப்படிப் போச்சு’ன்னு கேக்குறதை வெட்டிப்பேச்சுன்னு நினைக்காதீங்க. காதைச் சுருதி சேர்க்குற நேரம் அது.

2008-ல பிராட்லோ, பென்ட் ரெண்டு பேரும் இன்னொன்னைக் காட்டினாங்க. ஒரே ஆளைக் கேட்டுப் பழகினா அந்த ஆள் பேசுறது புரியும். அதே உச்சரிப்புல பல பேரைக் கேட்டாதான் புதுசா வர்ற ஆளும் புரிவார். அதனால மேனேஜர் பேசுறதை மட்டும் கேக்காம, அந்த ஊர் ரேடியோ, பாட்காஸ்ட்னு நாலு குரல் கேளுங்க.

சப்டைட்டில் போடலாமா? போடலாம், ஆனா எந்த மொழின்றது முக்கியம். நெதர்லாந்துல மிட்டரர், மெக்குவீன்னு ரெண்டு பேர் 2009-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. டச்சு மாணவர்களுக்கு ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்புல படமும் தொடரும் போட்டுக் காட்டினாங்க. ஆங்கில சப்டைட்டிலோட பார்த்தவங்களுக்கு, பிறகு கேட்ட புது வாக்கியங்களும் நல்லா புரிஞ்சுது. டச்சு சப்டைட்டில் புது வாக்கியங்கள்ல இடைஞ்சலாவே இருந்துச்சு. கேக்குற ஒலியும் படிக்கிற எழுத்தும் ஒரே சொல்லா இருந்தாதான் காது ரெண்டையும் இணைக்கும். அதனால மீட்டிங் ரெக்கார்டிங் இருந்தா ஆங்கில கேப்ஷனோட ஒரு பத்து நிமிஷம் பாருங்க. பேரு, நம்பர் விஷயத்துல மட்டும் ஆட்டோ கேப்ஷனை அப்படியே நம்பிடாதீங்க.

சரி, கால் நடக்கும்போது என்ன பண்ணலாம்? வெறும் ‘சாரி?’ கேட்டா, அவர் அதே வாக்கியத்தைக் கொஞ்சம் சத்தமா திருப்பிச் சொல்வார். பிரயோஜனம் இல்லை. புரிஞ்ச வரைக்கும் நீங்க சொல்லிட்டு, புரியாத இடத்தை மட்டும் கேளுங்க: “வியாழக்கிழமை ரிலீஸ், அது புரிஞ்சுது. எத்தனை மணிக்குன்னு மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க.” இப்படிக் கேட்டா நீங்க கவனிச்சதும் தெரியும். ஃபிஃப்டீனா ஃபிஃப்டியான்னு சந்தேகம் வந்தா, ‘ஒன் ஃபைவா, ஃபைவ் ஜீரோவா’ன்னு கேளுங்க. கால் முடிஞ்சதும் மூணு வரியில முடிவுகளை மெயில் போட்டுடுங்க.

கடைசியா ஒண்ணு. இந்தப் பிரச்சினைக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. 2010-ல லெவ்-ஆரி, கெய்சார் ரெண்டு பேரும் ஒரு ஆய்வுல, சில பொது அறிவுத் தகவல்களை வெவ்வேற உச்சரிப்புல படிக்க வச்சாங்க. படிக்கிறவங்க வெறும் தூதர்கள்தான், தகவல் அவங்களோடது இல்லைன்னு கேட்டவங்களுக்கு முன்னாடியே சொல்லியாச்சு. அப்படியும் அயல் உச்சரிப்புல வந்த தகவலுக்கு நம்பிக்கை மார்க் கம்மி. காது சிரமப்பட்டதை, தகவல் மேல உள்ள சந்தேகமா மூளை எடுத்துக்குச்சு.

நம்ம ஆங்கிலத்தைக் கேக்குற ஆக்லாந்துக்காரருக்கும் இது நடக்கலாம். நம்ம டீம்ல புதுசா சேர்ந்த அசாம் பொண்ணு பேசும்போது நமக்கும் நடக்கலாம். அதனால ஒருத்தர் சொன்ன யோசனை ‘ஏதோ சரியில்லையே’ன்னு பட்டா, தள்ளுறதுக்கு முன்னாடி அதை எழுதி அனுப்பச் சொல்லிப் படிச்சுப் பாருங்க. எழுத்துல சரியா தெரிஞ்சா, யோசனையில குறை இல்லை. காதுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் தேவைப்படுதுன்னு அர்த்தம்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.